சங்கரதாச சுவாமிகள்: கூத்தும் கழுவாயும்

தில்லையம்பலத்தே இடையறாது ஆடல் புரியும் பெருமானை முழுமுதற் கடவுளாகக் கொண்டு வழிபடும் நாடு தமிழ்நாடு. படைத்தல் முதலிய ஐந்தொழிலும் அவன் ஆடலே எனச் சித்தாந்த நூல்கள் விரித்துரைக்கின்றன. இத்தகைய நாட்டிலே, ஆடியும் பாடியும் பிழைத்த மாந்தரைக் 'கூத்தாடிகள்' என ஊரார் இழித்துரைத்து, அவர் தங்குதற்கு வீடு கொடுக்கவும் கூசிய காலம் ஒன்று இருந்ததென்பது வியப்பும் வருத்தமும் ஒருங்கே தருவதாகும். அவ்விழிவைத் தாம் ஏற்று, அம்மேடையின் நடுவே நின்றே, செந்தமிழையும் அடியார் வரலாறுகளையும் முருகப்பெருமான் புகழையும் எழுத்தறியா மக்கள் செவியிலும் புகச் செய்தவர் ஒருவர் உளர். அவரே தவத்திரு சங்கரதாச சுவாமிகள். நாடகப் பாடல் இயற்றுதலில் தம் காலத்தே ஒப்பாரின்றி விளங்கிய இப்பெரியாரது வாழ்வு பேரிடர்கள் பல தாக்கிய வாழ்வாகும். அவற்றுள் ஒன்று அவரை மேடையினின்றும் அகற்றிற்று. பிறிதொன்று அவர்தம் நாவினையே அடக்கிற்று. அவ்விரண்டிற்கும் இடையே அவர் செய்த பணியின் பெற்றியைச் சைவ நன்மக்கள் அறிந்து போற்றுதல் தகும்.

பிறந்த நாடு

தென்பாண்டிக் கடற்கரையிலே முத்தும் உப்பும் ஒருங்கே கிடைக்கும் துறை தூத்துக்குடி. பொருநை கடலொடு கலக்கும் பாங்கரிற் கொற்கைப் பெருந்துறை விளங்கிய பண்டைநாள் தொட்டு, அக்கரையின் முத்து யவனர் நாடு வரையிற் சென்றது. பின்னர்க் கொற்கை தூர்ந்தது, தூத்துக்குடி ஓங்கிற்று. போர்ச்சுகீசியரும், அவர்க்குப்பின் ஒல்லாந்தரும், இறுதியில் ஆங்கிலேயரும் அத்துறையைத் தம் வயமாக்கிக்கொண்டனர். கடலடியிற் 'பார்' எனப்படும் சிப்பித் திடர்களிற் பரதவர் உயிரைப் பணயமாக வைத்து மூழ்கி எடுத்த சிப்பிகளில், மூன்றில் ஒரு பங்கே அவர்க்கு உரியதாயிற்று. எஞ்சிய இரு பங்கும் அரசினரைச் சார்ந்தன. முத்துப் படாது பல்லாண்டு கழிதலும் உண்டு. உப்போ ஆண்டுதோறும் விளைந்தது. சென்னை மாகாணத்தில் 1805-ஆம் ஆண்டு முதல் உப்பு வாணிகம் அரசினர் தனியுரிமையாக அமைந்தமையின், உப்பளங்களிலும் பண்டகசாலைகளிலும் கணக்கெழுதுவோர்க்கு என்றும் வேலை இருந்தது. 1876-இல் இருப்புப்பாதையும் வந்து சேர, இத்துறை பஞ்சும் பிறபொருளும் ஏற்றுமதியாகும் பேரூராயிற்று.

பொருள்வளம் இவ்வாறாக, இந்நிலப்பகுதியின் இசைவளமும் தமிழ்வளமும் அதனினும் சிறந்தன. எட்டயபுரத்திலே முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் இறைவனடி சேர்ந்தார்; அவ்வூரிலேயே 1882-இல் சுப்பிரமணிய பாரதியார் பிறந்தார். கழுகுமலை முருகனைக் காவடிச் சிந்தினாற் பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 1865-இல் தோன்றி 1891-இல் மறைந்தார். ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, சிறைத்துன்பம் அனைத்தும் நுகர்ந்த பின்னர்ச் சிவஞானபோதத்திற்கு உரைகண்டவர். இத்தகைய நிலத்திலே, தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில், 1867-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7-ஆம் நாள், தாமோதரத் தேவர்க்கும் பேச்சியம்மாளுக்கும் மகனாராகத் தோன்றியவர் சங்கரனார்.

கல்வியும் கணக்கும்

தாமோதரத் தேவர் இராமாயணத்தில் வல்லவர். அதுபற்றி 'இராமாயணப் புலவர்' என்றே அழைக்கப்பெற்றார். தந்தையாரே மைந்தர்க்கு முதலாசிரியர். பின்னர், வண்ணப் பாக்கள் பாடுதலில் நிகரற்றவரும் முருகனடியாருமாகிய பழநித் தண்டபாணி சுவாமிகளை அடைந்து, இலக்கண இலக்கியங்களை முறையாகப் பயின்றார். பதினாறாம் வயதிற்குள் வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாட்டும் எளிதின் இயற்றும் ஆற்றல் அவர்க்கு வாய்த்தது. உடுமலை முத்துசாமிக் கவிராயர் அவருக்கு உடன்மாணாக்கர். இவ்விருவரும் பிற்காலத்தே நாடகத் தமிழுக்கே தம்மை ஒப்புவித்தனர் என்பது கருதத்தக்கது.

புலமை உண்டாயினும் வயிறு பிழைத்தற்கு வழி வேண்டுமன்றோ? சங்கரனார் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலை ஒன்றிற் கணக்கராக அமர்ந்தார். பகலெல்லாம் மூட்டைகளை எண்ணுதலும் எடையை ஏட்டிற் பதிதலும் தொழிலாயின. ஆனால் உள்ளமோ சந்தத்தையே எண்ணிக்கொண்டிருந்தது. இந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1891-ஆம் ஆண்டு, தம் 24-ஆம் வயதில், கணக்கேட்டை மூடிவைத்து நாடகக் குழுவொன்றிற் புகுந்தார்.

அவ்வாண்டிலேயே சென்னையிற் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தனர். ஆங்கிலங்கற்ற உத்தியோகத்தரும் வழக்கறிஞரும் பொழுதுபோக்காக நடித்த சபை அது. அங்கு நடித்தல் பெருமைக்குரியதாயிற்று. சங்கரனார் புகுந்ததோ கூலிக்கு ஆடுவோர் குழு. ஊரூராய்ப் பெட்டி படுக்கையுடன் அலைதலும், கொட்டகை வருவாய் குறைந்தவிடத்துப் பட்டினி கிடத்தலும், ஊரார் பழித்தலும் அவ்வாழ்விற்கு உரியன. உறுதியான ஊதியமும் கற்றோர் மதிப்பும் உடைய ஒருவர் அவற்றை விடுத்து இதனை விரும்பி ஏற்றனர் எனின், அவர்தம் வேட்கையின் ஆழம் கூறாமலே விளங்கும்.

வேடமும் வினையும்

சங்கரனார் நெடிய உருவமும் இடியனைய குரலும் வாய்ந்தவர். ஆதலின் இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய கொடுந்தன்மை வாய்ந்த வேடங்கள் அவர்க்கு உரியவாயின. அவர் மேடையிற் புகுந்த அளவிலே அவை நடுங்கும் என அந்நாளையோர் கூறுவர். புகழ் வளர்ந்தது. அப்புகழே துன்பத்திற்கு வாயிலாயிற்று.

நாடக உலகில் வழிவழியாக உரைக்கப்பெறும் செய்திகள் இரண்டு. ஓரிரவு நளன் சரிதையிற் சனீசுவரனாகத் தோன்றிய அவர், விடியற்போதில் வேடம் கலைத்தற்பொருட்டு நீர்நிலைக்குச் சென்றனராக, அங்குத் துணி வெளுக்க வந்த பெண்ணொருத்தி இருளில் அக்கோலத்தைக் கண்டு அஞ்சி வீழ்ந்து உயிர் துறந்தாள் என்பது ஒன்று. சத்தியவான் சாவித்திரியிற் பாசக்கயிறு ஏந்தி எமனாக முழங்கி வந்தபோது, அவையிலிருந்த கருவுற்ற மங்கையொருத்தி அச்சத்தாற் கருச்சிதைந்தாள் என்பது மற்றொன்று. இவை நிகழ்ந்த ஊரும் நாளும் சொல்வார்தோறும் வேறுபடினும், அவற்றின் பயனாக விளைந்தது யாவரும் ஒப்ப உரைப்பதே. சங்கரனார் வேடம் புனைதலை விட்டொழித்தார். புகழின் உச்சியில் நின்றவர் ஒப்பனையை அழித்துக் காவியுடுத்து ஊர்விட்டு ஊர் சென்றார்.

இவ்விடத்தே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. அவர் செய்த குற்றம் யாது? தம் தொழிலைச் செவ்வனே செய்தார். எவரையும் துன்புறுத்தும் கருத்து அவர்க்கு இல்லை. காலனைக் காலால் உதைத்த பெருமானுக்கு அடியராகிய ஒருவர் காலன் வேடம் பூணுதல் விளையாட்டேயன்றிக் கொடுமை அன்று. கருத்தின்றி நிகழ்ந்ததற்குப் பழி இல்லை என உலகநூல் வல்லார் எளிதிற் கூறிவிடுவர்.

ஆயினும், பெரியபுராணம் கற்றார்க்கு அவ்விடை நிறைவளிப்பதில்லை. திருவாரூர்த் தெருவிலே தேர்க்காலில் ஆன்கன்று வீழ்ந்து மடிந்தபோது, அது மனுச்சோழன் மைந்தன் கருதிச் செய்ததன்று. எனினும் தாய்ப்பசுவின் துயரைத் தன் துயராகக் கொண்டான் அவ்வரசன். காஞ்சியிலே அடியார் ஒருவரது கந்தையை மாலைக்குள் வெளுத்துத் தருவதாக உரைத்த திருக்குறிப்புத் தொண்டர், மழை நில்லாமையால் அது இயலாது போக, துணி தப்பும் கற்பாறையில் தம் தலையை மோதப் புகுந்தனர். மழை பெய்தது அவர் பிழையோ? பிறர்க்கு நேர்ந்த துன்பத்திற்குத் தாம் வாயிலாயினோம் என்னும் எண்ணமொன்றே அவ்வடியாரை அவ்வாறு செய்வித்தது. சங்கரனாரை நாயன்மாரோடு ஒப்பிடுதல் ஈண்டுக் கருத்தன்று. அப்புராணங் கேட்டு வளர்ந்த நாட்டில் தோன்றிய நெஞ்சம் எவ்வாறு நோகும் என்பதே காட்டப்பட்டது. அவர் பழியை ஊழின்மேலும் வைத்திலர், கண்டு அஞ்சியவர்மேலும் வைத்திலர், தம்மேலேயே வைத்துக்கொண்டனர்.

புதுக்கோட்டையில் மீட்சி

இல்லறம் புகாது பிரமசாரியாகவே வாழ்ந்த அவர், முருகன் திருப்பதிகளை வழிபட்டுத் திரிந்தார். மக்கள் அவரைச் 'சுவாமிகள்' என அழைக்கலாயினர். அந்நிலையிற் புதுக்கோட்டையை அடைந்தபோது, அவரது புலமையை உணர்ந்து தம் இல்லத்திலிருத்திப் போற்றியவர் மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் நிலைபெறச் செய்த இலய வித்தகர் இவர். சுவாமிகளைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டு, தாள நுட்பங்களைப் பயிற்றுவித்து, மீண்டும் நாடகத் துறைக்கு உழைக்குமாறு தூண்டினர்.

சுவாமிகள் மீண்டார், பழைய கோலத்தில் மீண்டாரல்லர். வேடம் புனைபவராக அன்றிப் பிறர்க்குக் கற்பிக்கும் ஆசிரியராகவே இனி அவரை நாடகவுலகம் கண்டது. அவர் செய்த கழுவாய் ஈதே எனலாம். தம் குரலால் ஓருயிர் அஞ்சிற்று என வருந்தியவர், அக்குரலை அடக்கிக்கொண்டு, பல்லாயிரவர் உள்ளத்தில் அன்பும் அறமும் ஊறுதற்குரிய பாடல்களைப் பிறர் நாவிற் பொருந்துமாறு இயற்றினார். உட்புகுந்து உறுத்துவதனையே சிப்பி முத்தாக்குகின்றது என்பர் முத்துக்கரையார். நெஞ்சில் தைத்த துன்பமே சுவாமிகளிடத்துப் பாட்டாயிற்று.

நாடகத் தமிழ்ப்பணி

அவர் இயற்றிய நாடகங்கள் நாற்பதின் மேற்பட்டன. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, சதி சுலோசனா, சதி அனுசூயா, பிரகலாதன், நல்லதங்காள் என்பன நாடெங்கும் பரவியவை. சிறுத்தொண்டர் வரலாற்றையும் பிரபுலிங்க லீலையையும் நாடகமாக்கியமை சைவர்க்குச் சிறப்பாக நினைவுகூரத்தக்கது. சேக்கிழார் காவியத்தை ஓதியுணர்ந்தார் ஊருக்குச் சிலரே. சீராளன் கதையைக் கொட்டகையிற் கேட்டுக் கண்ணீர் உகுத்தாரோ எண்ணிலர்.

அவர்க்கு முன்னர்க் கொட்டகை நாடகங்களில் நடிகர் வாய்க்கு வந்தன பேசுதலும், பொருந்தாத மெட்டுக்களைப் புகுத்துதலும் வழக்கமாயிருந்தன. சுவாமிகள் வெண்பா, விருத்தம், கலித்துறை, சந்தம், சிந்து, கீர்த்தனை முதலிய வடிவங்களை நாடகத்தினுள் முறைப்பட அமைத்து, உரையாடலையும் வரையறுத்து எழுதினார். வடநாட்டுக் குழுவினர் கொணர்ந்த மெட்டுக்களையும் அவர் வெறுத்தொதுக்கவில்லை. அவற்றிலும் தமிழ்ச்சொல் பிறழாது நிற்குமாறு பாடல் புனைந்தார். குறளும் பிற அறநூற் கருத்துக்களும் அவர் எழுதிய தருக்கங்களில் இயல்பாக வந்தமைந்தன. வள்ளி திருமணத்திலே நாரதர், வள்ளிநாயகி, வேடனாகவும் கிழவனாகவும் வரும் முருகன் ஆகியோர் பாட்டாலும் உரையாலும் புரியும் வாதங்களைக் கேட்கும் நாட்டுப்புறத்தார், தாம் கற்கின்றோம் என்று அறியாமலே கற்றனர்.

வரையறுத்த அப்பனுவலின் உறுதியை ஒன்றால் அறியலாம். மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளில் 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் ஒருமுறை உண்டு. வெவ்வேறு ஊர்களினின்றும் தனித்தனியே அழைக்கப்பெறும் நடிகர்கள், முன்னர் ஒருவரையொருவர் கண்டிலராயினும், ஒத்திகையின்றி அன்றிரவே மேடையேறி விடியுமளவும் நாடகத்தை நடத்தி முடிப்பர். இஃது இயலுவது, அனைவரும் சுவாமிகளின் ஒரே பாடத்தைக் கற்றிருத்தலினாலேயாம். நூலுரிமை என்னும் பேச்சு கொட்டகைகளில் எழாத காலம் அது. ஆதலின் அவர் பாடல்களைப் பாடிப் பொருள் ஈட்டியவர் பலர். இயற்றியவரோ பொருளற்ற துறவியாகவே இருந்தார். முத்துக் குளிப்போர்க்கு மூன்றில் ஒரு பங்கேனும் கிடைத்தது. சுவாமிகளுக்கு அதுவும் இல்லை.

சபைகளும் சிறுவர்களும்

1910-இல் சுவாமிகள் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தோற்றுவித்தார். அப்பெயர் வடலூர் வள்ளலாரது சங்கத்தின் பெயரை நினைவூட்டுவது. பிற்காலத்தே இன்னிசையால் தமிழ்நாட்டையும் இலங்கையையும் கவர்ந்த எஸ். ஜி. கிட்டப்பா அச்சபையிற் பயின்றவரே. ஆயின் முதிர்ந்த நடிகரை ஒழுங்கில் நிறுத்துதல் அரிதாயிற்று. புகழ் பெற்றோர் தம் விருப்பம்போற் பாடத்தை மாற்றினர். குழுவினின்றும் குழுவிற்குத் தாவினர். இவ்விடர்களைக் கண்ட சுவாமிகள், இளமையிலேயே சொல்லும் ஒழுக்கமும் பயிற்றப்பெற்ற சிறுவர்களே நாடகத்தை உய்விக்க வல்லார் எனத் துணிந்தார். 1918-இல் மதுரையில் அன்பர் சிலர் துணையால் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை எழுந்தது. கூடல் மீனாட்சியம்மையின் பெயர் அச்சபையின் பெயரிலேயே விளங்குதல் காண்க.

டி. கே. எஸ். சகோதரர்கள் அச்சபையில் வந்து சேர்ந்தனர். அவருள் சண்முகம் அன்று ஆறாண்டுச் சிறுவர். அவர் நடித்தற்பொருட்டு அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தை, நூற்றின் மேற்பட்ட பாடல்களும் உரையாடலும் அமைய, சுவாமிகள் ஓரிரவிலே எழுதி முடித்தனர் என்னும் செய்தியைப் பின்னர்ச் சண்முகமே உலகிற்கு உணர்த்தினார். பண்டகசாலையில் ஒருகால் மூட்டைகளை எண்ணியெழுதிய அக்கை, விளக்கொளியில் அடித்தல் திருத்தல் இன்றி விரைந்து எழுதிச் செல்ல, பொழுது புலர்ந்தபோது நாடகமும் நிறைந்திருந்தது. அம்மாணவர் பிற்காலத்தே ஔவையார் வேடத்தாற் பெரும்புகழ் எய்தி ஔவை சண்முகம் எனவே வழங்கப்பெற்றமையும் ஈண்டு நினையத்தக்கது.

நாவடங்கிய நாட்கள்

புலமை முதிர்ந்து மாணாக்கர் பெருகிவந்த அக்காலத்தே, சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கிற்று. கையும் காலும் செயலிழந்தன, நாவும் எழாதாயிற்று. சொல்லே உயிராக வாழ்ந்தவர்க்கு இதனினும் கொடிய இடர் யாது? சிறுவர் பிழைபடப் பாடின் திருத்துதற்கு ஒரு சொல்லும் இல்லை. உள்ளத்தில் எழுந்த பாட்டை எழுதுதற்குக் கையும் இல்லை.

இதனை முன்னைப் பழியின் பயன் எனச் சிலர் எண்ணுதல் கூடும். வினையின் கணக்கை அறிவார் இறைவனையன்றிப் பிறர் இல்லை. அக்கணக்கை மாந்தர் எழுதப் புகுதல் பிழை. பிராரத்தம் உடலூழாய் வந்து கழியுங்கால் ஞானிகளும் அதனை நுகர்ந்தே தீர்க்கின்றனர் என்பதே சித்தாந்தத் துணிபு. சிந்திக்கத்தக்கது வேறொன்று. இளமையில் அவர் தாமே குரலை அடக்கினார். முதுமையில் அது தானே அடங்கிற்று. முன்னையது துறவு, பின்னையது நோய். இரண்டிற்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் தம் சொல்லைத் தமக்கென வைத்துக்கொள்ளாது பிறர் நாவிற் பகிர்ந்து வைத்தமையின், அவர் ஊமையான நாளிலும் அச்சொல் ஊமையாகவில்லை. அந்நாளிலும் மாணாக்கர் வாயிலாக மேடையில் ஒலித்துக்கொண்டிருந்தன அவர் இயற்றிய பாடல்களே.

1922-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13-ஆம் நாள், சோமவார இரவில், புதுச்சேரியிற் சுவாமிகள் இவ்வுடலை நீத்தனர். அப்போது அவர்க்கு வயது 55. மனைவி மக்கள் இலர். சேர்த்துவைத்த பொருளும் இல்லை. கருவடிக்குப்பத்தில் அவர் திருமேனி அடக்கம் செய்யப்பெற்றது.

எஞ்சி நிற்பது

சுவாமிகள் மறைந்தபின் அவர் நாடகங்கள் மேன்மேலும் பரவின. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் வள்ளி திருமணத்தைப் பாடி நடித்த செய்தியை முதியோர் பலர் உரைத்துச் சென்றனர். 1940 டிசம்பர் 31-ஆம் நாளிரவு, சென்னை மேடையிலே, அந்நாடகத்தில் முருகன் வேடம் பூண்டு மயிலின்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே தேசபக்த நடிகர் விசுவநாத தாஸ் உயிர் நீத்தனர். சனீசுவரன் வேடத்தால் நேர்ந்த இறப்புக்கு வருந்தி மேடை நீங்கியவர் ஒருவர். அவர் புகழ்பெறச் செய்த நாடகத்திலே முருகன் கோலத்தோடு இறைவனடி சேர்ந்தவர் மற்றொருவர். மேடை என்பது வெறுங் கேளிக்கையிடம் அன்று என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்றாவன.

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்னும் சிறப்பு அவர்க்கே உரியதாக இன்று வழங்குகின்றது. மதுரையில் நாடக நடிகர் சங்கமொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தென்பாண்டிக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் விடிய விடிய நடைபெறுகின்றது. தூத்துக்குடிக் கடலிலோ அரசினர் நடத்திய முத்துக்குளிப்பு 1961-க்குப்பின் பழைய பெருக்கில் நிகழ்ந்ததில்லை. சிப்பித் திடர்கள் வறுமையுற்றன. அக்கரையின் உப்புப் பண்டகசாலையிலிருந்து புறப்பட்ட கணக்கர் ஒருவர் தந்த செல்வமோ குறையாது நிற்கின்றது.

தம் செயலாற் பிறர்க்கு நேர்ந்த துன்பத்தை, அது கருதாது நேர்ந்ததாயினும், தமதெனக் கொள்ளுதலும், கொண்டபின் வருந்தி மடிந்துவிடாது அதனைத் தொண்டாக மாற்றுதலும் அடியார் நெறியாம். அந்நெறி மடத்திலும் கோயிலிலும் மட்டுமன்றிக் கூத்துமேடையிலும் இயலும் எனச் சங்கரதாச சுவாமிகள் வாழ்ந்து காட்டினர். யாழிசைத்த திருநீலகண்டப் பெரும்பாணரைத் தொண்டர் திருக்கூட்டத்துள் வைத்துப் போற்றும் சைவவுலகம், இவரையும் நன்றியோடு நினைதல் முறையேயாகும். அம்பலத்தாடும் பெருமான் திருவருள் அந்நினைவைக் காப்பதாக.